வேப்பிலை சொருகிய வாசல்

கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஓர் ஈ, காக்கைகூட வரவில்லை.

ஹார்வி துரை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்ன வயசுப் பாதிரி. கப்பலேறி வந்து கொல்லிமலையில் குடியிருக்கத் தொடங்கிய பிறகு அவருக்கு இதுதான் முதல் கிறிஸ்துமஸ். கூரைவீட்டுக் கூடத்தில் விரித்த பாய்கள் விரித்தபடியே கிடந்தன.

சமையல்காரர் மாசிலாமணி, ஊருக்கென்று அவித்த மரவள்ளிக்கிழங்கை மூடி வைத்துவிட்டு வந்தார். சேலத்து மிஷன் காம்பவுண்டிலேயே பிறந்து வளர்ந்தவர். இந்த மலையும் மலை ஜனங்களும் அவருக்கு ஆகாது.

"பார்த்தீங்களாய்யா? காய்ச்சலுக்கு மருந்து குடுத்தீங்க. புண்ணு கழுவி விட்டீங்க. இன்னிக்கு ஒருத்தன் எட்டிப் பார்த்தானா?"

துரைக்கும் ஆண்டவருக்கும் நடுவில் ஒரு பேச்சு இருந்தது. 'பண்டிகையன்று மலையின் இந்தத் திருப்புலி நாட்டில் ஒரே ஓர் ஆள் என் வாசற்படியை மிதிக்கட்டும், இருக்கிறேன். இல்லையென்றால் நான் இங்கே வேண்டாதவன், மலையிறங்கி விடுகிறேன்' என்று முழங்காலில் நின்று சொல்லியிருந்தார். பெட்டி தூக்குவதற்குப் அடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து ஆட்கள்கூட வந்து, அடுப்படியில் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

நேற்றுச் சாயங்காலம் ராகிக் களத்தில் ஊரையே உட்கார வைத்துக் கதை சொன்னார். நிறைமாதக்காரிக்கு ஊரில் இடம் கிடைக்காமல் போனது, மாட்டுக் கொட்டகையில் பிள்ளை பெற்றது, எல்லாம் சொன்னார். "அந்தப் பிள்ளை நாளைக்கு நமக்குப் பிறக்கிறார். எல்லாரும் என் வீட்டுக்கு வாருங்கள். மேளமும் கொண்டு வாருங்கள், பாடுவோம்" என்று முடித்தார்.

யாரும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஊர்க்கவுண்டர் காளியண்ணன் மட்டும் வாயைத் திறந்தார்.

"ஏனுங்க, புள்ளத்தாச்சிக்கு எடம் குடுக்காத அந்த ஊருக்குக் கவுண்டன் எவனுங்க?"

துரைக்குத் தெரியவில்லை.

"அவனெல்லாம் ஒரு கவுண்டன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் எழுந்து போனார். பின்னாலேயே ஊரும் போயிற்று.

இன்று காலையில் கதவைத் திறந்தால், நிலையின் இரண்டு பக்கமும் வேப்பிலை சொருகியிருந்தது.

"அம்மை கண்ட வீட்டுக்குத்தான் இப்படிச் சொருகுவாங்க ஐயா. யாரும் உள்ள போகாதீங்கன்னு ஊருக்கே சொல்றானுங்க" என்றார் மாசிலாமணி. "தினம் விடியறதுக்கு முன்னாடி கோயில் மேளத்தை அடிச்சுக் காதைக் கிழிப்பானுங்க. நாம கேட்டோம்கிறதுக்காக இன்னிக்கு அதையும் நிறுத்திட்டானுங்க பாருங்க."

அவர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. வேலி வரைக்கும் வந்த ஒருத்தி, வேப்பிலையைப் பார்த்ததும், இடுப்பிலிருந்த பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனாள். துரை அதைத் தன் கண்ணாலேயே பார்த்தார்.

"பெட்டிகளைக் கட்டும், மாசிலாமணி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஊர்க்கவுண்டரின் சம்சாரம் பாப்பாயி நின்றிருந்தாள். தலையில் ஒரு விறகுக் கட்டு. கையில் ஒரு கலயமும், கால் கட்டிய கோழியும். எல்லாவற்றையும் சத்தமில்லாமல் கீழே இறக்கி வைத்தாள். கோழி கத்தப் பார்த்தது. அதன் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, உள்ளே வாருங்கள்."

"வேண்டாஞ் சாமி" என்றாள் ரகசியம் போல. "உள்ள வரலாமுங்களா?"

"ஏன் வரக்கூடாது? உங்களுக்கு நான் என்ன தீங்கு செய்தேன்? இந்த வேப்பிலையைச் சொருகியது யார்?"

"நாந்தானுங்க. கோழி கூப்புடறப்பவே வந்து, படியேறிச் சொருகிட்டுப் போனேன்."

"எதற்காக?"

பாப்பாயி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"புள்ள பொறந்த ஊட்டுக்கு வேப்பிலை வெக்க வேண்டாமுங்களா? காத்து கருப்பு அண்டீரும். தீட்டுக் கழியற மட்டும் வெளியாளு யாரும் உள்ள வாரதில்லீங்க. பச்சப்புள்ள திடுக்குனு முழிச்சுக்கும்னு எங்க ஊட்டுக்காரரு மேளத்தைக்கூட நிறுத்திப் போட்டாருங்க."

அவள் கலயத்தைக் காட்டினாள்.

"சுக்கும் மொளகும் இடிச்சுத் தேனுல கொழைச்சது. பெத்தவளுக்கு மொதல்ல இதைக் குடுங்க. அப்பறமாக் கோழிச்சாறு. மாட்டுக் கொட்டாயில கெடந்த ஒடம்பு, குளுரு ஏறியிருக்கும்."

துரை தாம் படித்த தமிழையெல்லாம் தேடித் தேடிச் சொன்னார். "அம்மா, அந்தப் பிள்ளை பிறந்து வெகுகாலம் ஆயிற்று. இங்கே ஒருவர் கண்ணுக்கும் தெரியாது."

"அது எங்களுக்குத் தெரியாதுங்களா?" பாப்பாயிக்குச் சிரிப்பு வந்தது. அதையும் முந்தானையால் மூடிக்கொண்டாள். "எங்க சாமியுந்தான் கண்ணுக்குத் தெரியறதில்லீங்க. அதுக்காக முறை செய்யாம உட்டுடறமுங்களா? நமக்குப் பொறக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க. நமக்குன்னா எங்களுக்குந்தானுங்களே."

துரை திரும்பி, நிலையில் சொருகியிருந்த வேப்பிலையைப் பார்த்தார்.

"தீட்டுக் கழியட்டுங்க. ஊரே வாரோம். தொட்டில் கட்டிப் பாடோணுமல்ல" என்று சொல்லிவிட்டு, பாப்பாயி அடிமேல் அடி வைத்து நடந்து போனாள்.

துரை கோழியையும் கலயத்தையும் எடுத்துக்கொண்டு வந்து, வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனார். காலியாகக் கிடந்த பாயில் மண்டியிட்டார்.

அடுத்த அறையிலிருந்து தகரப் பெட்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார் மாசிலாமணி.

"ஐயா, கட்டியாச்சு. ஆளுங்களைத் தூக்கச் சொல்லட்டுங்களா?" என்று உரக்கக் கேட்டார்.

துரை உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாகப் பேசும், மாசிலாமணி. குழந்தை தூங்குகிறது."