இது பிடிச்சா அது

“அந்தப் புள்ள இன்னும் ரத்தம் கேக்குதுடா!” என்றான் முத்தமிழ்செல்வன், பெருமை தாங்காமல்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பக்கத்தில் நின்றவர் பதறிப்போய்த் திரும்பினார். “என்ன குரூப்பு தம்பி? நான் ஓ பாசிட்டிவ்.”

“வாட்ஸ்அப் குரூப்புங்க. இது ஜப்பான் கார்ட்டூன்ல வர்ற ரத்தம்,” என்று நண்பன் செபஸ்டின் அவரைச் சமாதானப்படுத்தினான்.

‘இது பிடிச்சா அது’ என்ற அந்தக் குழுவுக்கு முத்தமிழ்செல்வன்தான் அட்மின். யாராவது ஓர் அனிமே தொடரையோ காமிக்ஸையோ முடித்துவிட்டு அழுதால், அதே அளவு அழவைக்க இன்னொன்றை உடனே கைகாட்டுவான். கதாநாயகன் அநாதையா, வில்லனுக்குச் சின்ன வயதில் என்ன சோகம் என்று அவன் பொருத்தம் பார்க்கிற நேர்த்திக்கு முன்னால் ஜோசியர்கள் தோற்றுப்போவார்கள். அவனுக்குத்தான் முப்பது தாண்டியும் எந்த ஜாதகமும் பொருந்தவில்லை.

உடையார்பாளையம் சண்முகப்பிரியா குழுவில் சேர்ந்தது போன மாதம். மற்றவர்கள் அவன் எதைச் சொன்னாலும் நொட்டை சொல்வார்கள். அவள் கேட்பது ஒன்றே ஒன்று: ‘எத்தனை எபிசோடு?’ ஐந்நூறு என்றால் இதயம் பறந்து வரும்.

கூடவே, ‘கரன்ட் போனா படிக்கிறதுக்கு காமிக்ஸும் சொல்லுங்க. எழுத்து பெருசா இருக்கணும்’ என்பாள்.

“கரன்ட் போனாலும் கலையை விடமாட்டேங்குது பாரு,” என்று உருகினான் முத்தமிழ்செல்வன். கண்ணாடி போட்ட முகம் ஒன்றை மனதுக்குள் வரைந்தும் வைத்துக்கொண்டான்.

நேற்று மாலை செய்தி வந்தது. ‘எல்லாம் முடிஞ்சிடுச்சு. வூட்ல வச்சு போன்ல பேச முடியாது. நேர்ல பார்க்கணும். அவசரம்.’

“பொண்ணு பார்க்க ஆளு வந்திருப்பான்டா,” என்றான் செபஸ்டின். “இன்னிக்கே சொல்லிடு.”

அதற்காகத்தான் இந்த இஸ்திரி போட்ட சட்டை. அரியலூர் பஸ் வந்ததும் தாவி ஏறினான். வழி நெடுக சிமென்ட் லாரிகள் தூசி கிளப்ப, அவன் கைக்குட்டையால் முகத்தை ஒற்றி ஒற்றிப் பாதுகாத்துக்கொண்டான்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அவள் காத்திருந்தாள். கண்ணாடி இல்லை; கண்ணைச் சுற்றிக் கருவளையம் இருந்தது. ராத்திரியெல்லாம் தூங்காத முகம். உண்மையான ரசிகை என்று நினைத்துக்கொண்டான்.

“அட்மின் சார் நீங்கதானே?”

“முத்துன்னே கூப்பிடலாங்க.”

“உக்காரக்கூட நேரமில்லைங்க, காய் வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டு வந்தேன். முடிவே இல்லாத கதையா ஒண்ணு சொல்லுங்களேன்.”

இதைவிட நல்ல நேரம் அமையாது என்று தோன்றியது அவனுக்கு. “முடிவே இல்லாத கதைன்னா… நாம ரெண்டு பேரும் சேர்ந்தே ஆரம்பிக்கலாங்க.”

“ஐயோ, எனக்கு அதெல்லாம் பார்க்கப் பிடிக்காதுங்க. நேத்தோட நீங்க சொன்ன அந்தக் கத்திச்சண்டை கார்ட்டூன் முடிஞ்சிடுச்சு,” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“எங்க மாமியா மறுபடியும் பேச ஆரம்பிச்சுட்டாங்க!”