பாதிப் பிரஷ்

செல்வக்குமார் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை ஆக்சா பிளேடால் அறுத்துவிட்டு, மிச்சத்தைக் குட்டித் தராசில் வைத்தான்.

"சுமையில ஏழு கிராம் குறைஞ்சிருச்சு, கனகு!"

"உங்க தொப்பை எம்புட்டுன்னு அதுலயே வச்சுப் பாருங்களேன்" என்றாள் மனைவி கனகலட்சுமி.

"உனக்கென்ன தெரியும்? எழுமலையில ஏறி, வருசநாடு, மேகமலைன்னு ஆறு நாள். தார் ரோடே கிடையாது. தனி ஆளா, சைக்கிள்ல!"

"முக்குக் கடையில பால் வாங்கவே ஸ்கூட்டர் எடுக்கிற ஆளு!"

மூன்று வருடமாக இதே மேப், இதே தராசு. ஆசையாக வாங்கிய கியர் சைக்கிளை மாடியில் படுதா போட்டு மூடியதோடு சரி.

வாசலில் மணி அடித்தது. கீரைக்காரச் சின்னத்தாய். செல்வக்குமாரே எழுந்து போய், அவள் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"ஏம்மா, செயின் பூரா மண்ணு. கீரைக் கூடையை வேற இழுத்துக் கட்டியிருக்க. சைக்கிள வச்சிருக்கத் தெரியணும்!"

"மூணு மாசமா செக்கானூரணியில இருந்து தெனமும் இதுலதான் சார் வாரேன்" என்ற சின்னத்தாய், கனகலட்சுமியைப் பார்த்துச் சிரித்தாள்.

கீரையை உள்ளே வைத்தவன், "விடியக்காலையில கிளம்புறேன். சைக்கிள இறக்கிட்டு வாரேன்" என்று மாடிக்கு ஓடினான்.

இரண்டே நிமிடத்தில் மேலிருந்து அலறல்.

"கனகு! படுதாவுக்குள்ள பழைய கிரைண்டர்தான் இருக்கு! என் சைக்கிளக் காணோம்!"

கனகலட்சுமி கீரையை ஆய ஆரம்பித்தாள்.

"பொங்கலுக்கே சின்னத்தாய்க்குக் குடுத்துட்டேன். இப்பத்தானே அந்தச் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடிச்சுக்கிட்டு அம்புட்டு நேரம் பேசுனீங்க?"