மட்டை வரைந்த வாசல்

பேஸ்பால் மைதானத்தை இடித்துப் பூங்காவாக்கித் திறந்த அன்றும் மங்களேஸ்வரி வந்தாள். கணவர் தயாபரன் மடக்கு நாற்காலியோடு பின்னால் வந்தார். முன்பு ஆட்டம் பார்க்க வரும்போதெல்லாம் சின்னப் பையனாக இருந்த மகனிடம் சொல்லிவைப்பார்கள்: கூட்டத்தில் தொலைந்துபோனால் பெரிய மட்டை வரைந்த வாசலில் வந்து நில். ஒருநாள் ஆட்டம் முடிந்த நெரிசலில் அவன் கை நழுவிப்போனது. அதற்குப் பிறகு இத்தனை வருடமும் அவள் அந்த வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு இப்போது மீசை முளைத்திருக்கும் என்று தயாபரன் எத்தனை முறை சொன்னாலும், வருகிறவர்களின் இடுப்பு உயரத்திலேயே அவள் கண் நிற்கும்.

இன்று மட்டையும் இல்லை, சுவரும் இல்லை. புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பெண்ணிடம் தயாபரன் அந்த வாசல் இருந்த இடத்தைக் கேட்டார்.

“இப்ப வாசலே கிடையாதுங்க. யார் வேணும்னாலும் எந்தப் பக்கமிருந்தும் வரலாம்” என்றாள் அவள், சந்தோஷமாக.

தயாபரன் நாற்காலியை விரித்தார்.

“எந்தப் பக்கம் பார்த்துப் போடுறீங்க?” என்று மங்களேஸ்வரி கேட்டாள்.

அவர் அதைச் சாலைப் பக்கம் திருப்பினார். பிறகு மரங்களின் பக்கம். பிறகு குளத்தின் பக்கம். அவள் உட்காரவில்லை.