முன்னாடி கை வச்சவன்

“சரிங்கண்ணே” என்று அவள் பதினோராவது முறையாகச் சொன்னதும் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஒர்க்‌ஷாப் லிஃப்டில் ஏறி நின்ற காருக்கு அடியில் நின்றபடியே மகளின் முழங்கையை இடித்தார்.

“ஒரு வார்த்தை பேரம் பேசு பாப்பா. நீ தலையாட்ட ஆட்ட அந்தாளு செலவை ஏத்திக்கிட்டே போறாரு.”

“நீங்க சும்மா இருங்கப்பா.”

அப்பாவின் வயிற்றெரிச்சலில் நியாயம் இருந்தது. முப்பது வருடம் மண்டிபோட்டு அடுத்தவர் வீட்டுத் தரைக்கு டைல்ஸ் ஒட்டிய காசு, மொத்தமும் இந்தப் பழைய காரில் போயிருந்தது. வீட்டில் முதல் டிகிரி அவளுடையது. கிடைத்த வேலையோ ஊர் ஊராகப் போய்க் குடிதண்ணீரைச் சோதிப்பது. தகுதிச் சான்று உள்ள சொந்த வண்டி இல்லாதவர் சேர வரவேண்டாம் என்று வேலை உத்தரவிலேயே போட்டிருந்தார்கள்.

வாங்கிய மூன்றாம் வாரம் தகுதிச் சோதனைக்கு ஓட்டிப் போனாள். அங்கிருந்தவர் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார், ஒரு பக்கம் முழுக்கக் குறை எழுதினார், ஃபெயில் என்று முத்திரை குத்தினார். பத்து நாளில் சரிசெய்து திரும்பக் காட்ட வேண்டும். வேலையில் சேரவும் அதே பத்து நாள்தான்.

அந்தத் தாளோடுதான் ஸ்பேனர் அண்ணனின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தார்கள். கையிலிருக்கும் ஸ்பேனரை அவர் சாப்பிடும்போது மட்டும் கீழே வைப்பார் என்பார்கள்.

“இங்க பாரும்மா, பிரேக் பைப். துருப்பிடிச்சதை மாத்தாம நடுவுல வெட்டி ஒட்டுப் போட்டிருக்கான். பொண்டாட்டிகிட்ட சண்டை போட்டுட்டு வந்து செஞ்ச வேலை மாதிரி இருக்கு.”

“சரிங்கண்ணே.”

“தரையில ஓட்டை. மேல தகரத்தை வச்சுத் தாரைப் பூசிட்டான். ஹேண்ட்பிரேக் கேபிள் தொங்குதுன்னு முடிச்சுப் போட்டிருக்கான்மா, முடிச்சு! இது என்ன பாவாடை நாடாவா?”

“எங்க தொழில்லயும் இப்படித்தான்” என்று அப்பா முணுமுணுத்தார். “முன்னாடி ஒட்டினவனைத் திட்டாம எவனும் கரண்டியை எடுக்க மாட்டான்.”

“அண்ணே, இவன் திட்டு வாங்கவே பொறந்தவன்!” என்றார் ஸ்பேனர் அண்ணன்.

லிஃப்டை இறக்கினார். கதவு ஓரத்துப் பெயிண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துச் சிரித்தார். “உள்ள வெள்ளை, வெளிய சிவப்பு. பொம்பளப் புள்ளைக்கு என்ன தெரியும்னு, கிழட்டு வண்டியைச் சீவிச் சிங்காரிச்சு உன் தலையில கட்டிட்டான்.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு “சரிங்கண்ணே” சொன்னாள்.

பானெட் லிவர் எப்போதோ உடைந்து போயிருந்தது. அதற்குப் பதிலாகக் கட்டியிருந்த கம்பியைக் கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது. ஸ்பேனர் அண்ணன் பேச்சை நிறுத்தாமலே டேஷ்போர்டுக்கு அடியில் கையைவிட்டு அதை இழுத்தார். பானெட் டப்பென்று எழும்பியது.

“ரேடியேட்டர் ஓட்டைக்குப் பசையை அப்பியிருக்கான், படுபாவி” என்று ஓங்கி மூடினார்.

“அண்ணே, எதெது தப்பா செஞ்ச வேலை, எதுக்கு எவ்வளவு ஆகும்னு எல்லாத்தையும் எழுதிக் குடுங்க. கையெழுத்தும் போட்டுடுங்க.”

“வித்தவன் மூஞ்சியில வீசவா? வீசும்மா, நான் சாட்சி!”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்சாகமாக எழுதினார். ‘முன்பு செய்த வேலை அனைத்தும் தவறு’ என்று எழுதி, கேட்காமலேயே இரண்டு கோடும் போட்டார். கீழே மொத்தத்தைப் பார்த்த அப்பா, பக்கத்தில் கிடந்த டயரில் உட்கார்ந்துவிட்டார். கார் வாங்கிய விலையில் பாதி.

“உங்க வேலைக்கு கேரண்டி உண்டாண்ணே?”

“ரெண்டு வருஷம்! நம்ம வேலையில தப்பு வந்தா சாமானும் என் செலவு, கூலியும் என் செலவு. கடை திறந்த நாள்லேர்ந்து அதான் வழக்கம்.”

“நடுவுல வண்டியை வித்துட்டா?”

“வண்டி கை மாறலாம், என் வாக்கு மாறாது.”

“அதையும் எழுதிடுங்க.”

“இப்பவே விக்கிற பேச்சா?” என்றார் அப்பா டயரிலிருந்து, அழாத குறையாக.

ஸ்பேனர் அண்ணன் அதையும் எழுதினார், கையெழுத்துப் போட்டார், கடை முத்திரையையும் குத்தி நீட்டினார். “ஒண்ணு மட்டும் சொல்லும்மா. முன்னாடி இதுல கை வச்ச அந்த மடையன் யாரு? ஆளைக் காட்டு, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்கறேன்.”

அவள் அந்தத் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் பத்திரப்படுத்தினாள். பிறகு, கார் விற்றவர் வண்டிக் காகிதங்களோடு கொடுத்திருந்த பழைய ரிப்பேர் பில்லை எடுத்து பானெட் மேல் விரித்தாள். தேதி பதினான்கு மாதத்துக்கு முந்தையது.

ஸ்பேனர் அண்ணன், கழற்றி வைத்த கண்ணாடியைத் தேடினார்.

“கண்ணாடியெல்லாம் எதுக்குண்ணே, உங்க கையெழுத்துதான். கேரண்டி இன்னும் பத்து மாசம் இருக்கு.”