எட்டாம் சாவடியில் ஒரு ஓட்டு

“ஒண்ணா? நல்லாப் பாருப்பா. பக்கத்துல ரெண்டு சைபர் அழிஞ்சுகிழிஞ்சு போயிருக்கப் போகுது” என்றார் அச்சகக்காரர்.

எலக்ட்ரீஷியன் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். எதுவும் அழியவில்லை. எட்டாம் எண் வாக்குச்சாவடி, குடைச் சின்னம், ஒன்று.

மருந்துக்கடையின் பின்னறைதான் தேர்தல் அலுவலகம். குடைச் சின்னத்தில் நின்று மூன்றாவதாக வந்தவர் அந்தக் கடைக்காரர், எலக்ட்ரீஷியனுக்கு அக்கா புருஷன். எண்ணிக்கை முடிந்து தாளைக் கையில் கொடுத்ததும், முதல் இரண்டு கட்சிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்றுதான் அவர் முதலில் பார்த்தார். இரண்டாயிரத்துச் சொச்சம். அப்புறம்தான் தன் வரிக்கு வந்தார். நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.

அதுவரை அறையில் யாரும் முகத்தைத் தொங்கப்போடவில்லை. “ரெண்டு யானைக்கு நடுவுல நின்னு நாலாயிரம் வாங்குறது லேசா?” என்றார் அச்சகக்காரர்.

“மூணாவது ஆளை அவன் வாங்குன ஓட்டை வச்சு எடை போடக் கூடாது” என்று தேற்றினார் ஓய்வுபெற்ற தபால்காரர். “யாரோட ஓட்டைப் பிரிச்சான், அதைப் பாக்கணும்.” மருந்துக்கடைக்காரர் தலையாட்டினார்.

அந்த ‘ஒன்று’தான் எல்லாவற்றையும் கெடுத்தது. எட்டாம் சாவடி அவர்கள் தெருவுடையது. அவரும் அக்காவும் ஜோடியாகப் போய் வரிசையில் நின்றதை ஊரே பார்த்திருந்தது.

“தெருக்காரன் கைவிட்டுட்டான், சரி” என்று தபால்காரர் இழுத்தார். “வீட்டுலயே ரெண்டு ஓட்டு இருக்கே.”

எல்லோரும் வாசற்பக்கம் திரும்பினார்கள். அக்கா டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். இருபத்திரண்டு நாள் வீடு வீடாகப் படியேறிக் கேட்டதில் தொண்டை அடியோடு கட்டிப்போயிருந்தது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

“நான் குடைக்குத்தான் போட்டேன்” என்று அந்தக் காற்றிலேயே கிசுகிசுத்தாள்.

“அப்ப ரெண்டு இருக்கணுமேக்கா” என்றான் தம்பி.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் நிதானமாகத் துடைத்தார்.

“அந்த ஒண்ணு என்னோடது” என்றார். “அவளை விட்டுடுங்க. ஊரெல்லாம் கெஞ்சிட்டு வந்தவ, பெட்டி முன்னால நின்னப்ப என்ன தோணுச்சோ. மனுசங்கதானே.”

அந்தப் பெருந்தன்மையைப் பார்த்ததும் எலக்ட்ரீஷியனுக்குப் பொறுக்கவில்லை. வண்டியில் குடைப் படம் ஒட்டியதற்காகவே இரண்டு பெரிய கட்டட வேலைகள் அவன் கைவிட்டுப் போயிருந்தன. மாமாவுக்காக அதை அவன் வாய்திறந்து சொன்னதில்லை.

“தோக்குறவருக்குப் போட்டா ஓட்டு வீணாயிடும்னு பாத்தியாக்கா? உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ண எப்படிக் கை வந்துச்சு?”

“உன் மேல ஆணையா...” அதற்குமேல் குரல் எழும்பவில்லை.

“பொய்ச் சத்தியத்துக்கு உன் தொண்டையே ஒத்துழைக்க மாட்டேங்குது பாரு” என்றான் அவன். அச்சகக்காரர் களுக்கென்று சிரித்துவிட்டார்.

அக்கா தட்டை மேசையில் வைத்தாள். மறுபடியும் புருஷனைப் பார்த்தாள். அவர் தாளில் ஏதோ கூட்டிக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி நடந்தாள். எதிர்வீட்டுக்காரி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்லக் குரல் இல்லை.

“கூட இருந்தே குழி பறிச்சா மூணாவது ஆளு எப்பத்தான் முன்னேறுறது” என்றார் தபால்காரர். ஆறிப்போவதற்குள் எல்லோரும் டீயை எடுத்துக் குடித்தார்கள்.

ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனதும், எலக்ட்ரீஷியன் ஒலிபெருக்கி ஒயரைச் சுருட்டக் கடையின் முன்பக்கம் வந்தான். மருந்து அலமாரிக்கு அந்தப் பக்கம் மாமா போனில் பேசிக்கொண்டிருந்தார். குரலில் அவன் இதுவரை கேட்டிராத ஒரு குழைவு.

“வாழ்த்துகள் ஐயா... ஆமாங்க, நாலாயிரத்து முந்நூறும் அவங்க பக்கம் விழ வேண்டியதுதான், கச்சிதமாப் பிரிச்சுட்டேன். பெரியாஸ்பத்திரிக்கு மருந்து சப்ளை நமக்குத்தான்னு சொன்னீங்களே, அதை மட்டும் மறந்துடாதீங்க.”

எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். மாமா சிரித்தார்.

“என்னைப் போய்ச் சந்தேகப்படலாமா ஐயா? என் சொந்த ஓட்டையே உங்களுக்குத்தானே போட்டேன்.”