சமாதானம் வீட்டுச் சண்டை

“உங்க வீட்ல அடிக்கடி சண்டையாமே?”

வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாக மேலதிகாரி கேட்டார். ஆபீசில் அவருக்குக் ‘கறார்’ என்று பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

எதிரில் நின்றவர் ஊர் அமைதிக் காவலர். ஆள் மலை மாதிரி, குரல்தான் எழும்பாது. ஊருக்கே அவர் ‘சமாதானம்’.

“குடும்பம்னா முன்னே பின்னே இருக்கும் சார்...”

“முன்னே பின்னே எல்லாம் உங்களோட வெச்சுக்குங்க. விதி என்ன சொல்லுது? அமைதிக் காவலர்னா உடம்புல தெம்பு வேணும், வாயில நிதானம் வேணும், எல்லாத்துக்கும் மேல சொந்த வீட்ல சண்டை சச்சரவு இருக்கக் கூடாது. ஊருக்குத்தான் உபதேசமா? புகார் மேல புகார் வருது. உங்களை வெச்சிருக்கறதா அனுப்பறதான்னு இன்னிக்கு நேர்ல பார்த்து முடிவு பண்ணத்தான் வந்திருக்கேன்.”

சமாதானத்தின் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். இந்தச் சம்பளத்தை விட்டால் அந்த வீட்டுக்கு வேறு வரும்படி கிடையாது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் கூச்சல் கிளம்பியது.

“உன் கூரைத் தண்ணி இனிமே என் வாசல்ல விழுந்துச்சு, கூரையையே பிரிச்சுடுவேன்!”

“பிரிச்சுப் பாரு! கடப்பாரை என்கிட்டயும் இருக்கு!”

“யாருய்யா அது?” என்றார் கறார்.

“அண்ணன் தம்பிங்க சார். நடுவுல ஒரே சுவர்தான். ஆறு மாசமா இப்படித்தான் போகுது.”

“கடப்பாரைங்கறான், கதை சொல்லிட்டு நிக்கிறீங்க! போய்த் தடுங்க. அதுக்குத்தானே சம்பளம்?”

சமாதானம் அசையவில்லை. மனைவியைப் பார்த்தார். அவள் கறாரைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், ஒரு பெருமூச்சு விட்டாள்.

சமாதானம் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

“இது டீயா, கழுநீரா?”

“இஷ்டமிருந்தா குடிங்க, இல்லேன்னா கொட்டுங்க!” அவள் கையிலிருந்த தட்டு சுவரில் மோதி விழுந்தது.

“உங்கப்பா வீட்ல இதைத்தான் குடிச்சீங்களா?”

“எங்கப்பாவை இழுத்தீங்கன்னா நடக்கறதே வேற!”

கறாருக்கு வாய் பிளந்துவிட்டது. பக்கத்தில் கொலை விழப் போகிறது, இந்த மனுஷன் டீயில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாரே! சமையலறையிலிருந்து ஒரு பாத்திரம் உருண்டு வந்தது.

“கொஞ்சம் எழுந்திருங்க சார்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தலைக்கு மேல் தூக்கினார் சமாதானம். “இந்த வீட்டையே உடைச்சுப் போடறேன்!”

வாசலில் தடதடவென்று சத்தம். போட்டதைப் போட்டபடி அண்ணனும் தம்பியும் ஓடி வந்தார்கள். பின்னாலேயே அவர்களுடைய மனைவிமார், ஓரகத்திகள் இரண்டு பேரும்.

“டேய், அந்த முனையைப் பிடிடா!”

“பிடிச்சுட்டேன்ண்ணே! உன் கால்ல போட்டுக்காதே. மெதுவா... மெதுவா...”

பெஞ்சு தரைக்கு வந்தது. ஓரகத்திகள் ஆளுக்கொரு தோளைப் பிடித்து அவளை உள்ளே அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தார்கள்.

அப்புறம் அண்ணனும் தம்பியும் அதே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சமாதானத்துக்குப் புத்தி சொன்னார்கள்.

“குடும்பம்னா விட்டுக்கொடுத்துப் போகணும்ப்பா” என்றார் அண்ணன்.

“அண்ணன் சொல்றதுதான் சரி. ஒரு டீக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்றான் தம்பி.

சமாதானம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நால்வரும் கிளம்பினார்கள். படி இறங்கும்போது தம்பியின் குரல் கேட்டது. “கூரைக்கு ஒரு தகரம் அடிச்சா தண்ணி தெருப் பக்கம் போயிடும்ண்ணே.”

“காலையில ஏணியை எடுத்துட்டு வா.”

கறாருக்கு அதெல்லாம் காதில் ஏறவே இல்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

“நாளையிலேர்ந்து நீங்க வேலைக்கு வர வேணாம்.”

“சரிங்க சார்.”

மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு வந்தாள்.

“சார், அந்தத் தம்பி வாயிலேர்ந்து ஆறு மாசம் கழிச்சு ‘அண்ணே’ங்கற வார்த்தை இன்னிக்குத்தான் வந்திருக்கு. இவர் அங்க போய் நின்னா, ‘நீ யாருடா கேக்க’ன்னு ரெண்டு பேரும் இவர் மேலேயே பாய்வாங்க. ஆனா அடுத்த வீட்ல சண்டைன்னா யாராவது சும்மா இருப்பாங்களா? இந்த பெஞ்சை ஒரு ஆளால இறக்க முடியாது சார். ரெண்டு பேர் பிடிச்சே ஆகணும்.”

கறார் பெஞ்சைப் பார்த்தார். மெல்ல அதிலேயே உட்கார்ந்தார்.

“அப்போ, நிஜமா சண்டையே போட்டதில்லையா?”

“ஒரே ஒரு தடவை. என் நல்ல பீங்கான் தட்டை எறியச் சொன்னார், அப்போ.”

“வேலை போனா போகட்டும் சார்” என்றார் சமாதானம். “வெளியில மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் ஒருத்தரும் விலக்க வர மாட்டாங்க.”

கறார் எழுந்தார். கதவு வரைக்கும் போனார். தாழில் கை வைத்தவர் திறக்காமல் அப்படியே நின்றார்.

“வேலையைப் பாருங்க. வர்ற வாரம் மட்டும் ரெண்டு பேரும் ஒரு நாள் எங்க வீட்டுக்கு வந்து சண்டை போட்டுட்டுப் போகணும்.”

“உங்க வீட்லயா சார்?”

“எங்க அண்ணன் பக்கத்து வீடுதான். அம்மா போனதுலேர்ந்து பேச்சு இல்ல.”