சத்தம் போடும் ஃபில்டர்

"இதைவிட அதிகமா சத்தம் போடுறது ஒண்ணு காட்டுங்களேன்."

வண்ணமீன் கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது வருஷமாக இந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். ஃபில்டர் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: சத்தம் வருமா, தூக்கம் கெடுமா. இந்தம்மா என்னடாவென்றால் தலைகீழாகக் கேட்கிறார்.

அந்தம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்துத் தெருவாம். ஒன்றரை அடித் தொட்டி வாங்கிக் கழுவி வைத்தாகிவிட்டது, ஃபில்டர்தான் பாக்கி என்றார்.

"சின்னத் தொட்டிக்கு இதுவே போதும்மா," என்று தண்ணீருக்குள் அமிழ்ந்து ஓடும் குட்டி ஃபில்டரை மறுபடியும் காட்டினார் கடைக்காரர். "ஓடுதா இல்லையான்னே தெரியாது. மீனுக்கும் சுகம், மனுஷங்களுக்கும் சுகம்."

"அப்போ இது வேண்டவே வேண்டாம்."

அடுத்து, காற்று பம்ப்பில் ஓடும் ஸ்பான்ஜ் ஃபில்டர். போட்டதும் மேசையே அதிர்ந்தது. அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டு, கச்சேரி கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டார். "இது விட்டு விட்டு வருது. சத்தம் நடுவுல நிக்காம வரணும்."

"தொட்டியை எங்கம்மா வைக்கப் போறீங்க?"

"கூடத்துலதான். நாங்க படுக்கிற இடத்துல, பலகைத் தடுப்பை ஒட்டி. அந்தப் பக்கம் பையனும் மருமகளும் இருக்காங்க. கல்யாணமாகி ஒரு மாசம்தான் ஆச்சு."

கடைக்காரரின் முகம் சுருங்கியது. அவருடைய ஒரே மகளும் இந்த வருஷம்தான் கல்யாணமாகிப் போயிருந்தாள். போனில் 'நல்லா இருக்கேன்பா' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்த 'நல்லா' எவ்வளவு நல்லா என்று தெரியாமல் அவர் தினமும் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார்.

நயமாகச் சொல்லிப் பார்த்தார். "பாவம், வேலைக்குப் போற பிள்ளைங்க. தூங்க வேண்டாமா?"

"சின்ன வயசு, பழகிடும். அதோ தொங்குதே, அது என்ன?"

வினையை அவரே ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். தொட்டியின் விளிம்பில் மாட்டுகிற ஃபில்டர் அது. தண்ணீரை உறிஞ்சி, வடிகட்டி, மேலிருந்து திரும்ப ஊற்றும்.

"அது ஆகாதும்மா. உங்க தொட்டிக்கு இழுவை ஜாஸ்தி. மீனெல்லாம் பயந்து ஒரு மூலையில ஒதுங்கிடும்."

"ஐயையோ, மீன் கஷ்டப்படக் கூடாது. வேகத்தைக் குறைக்க முடியாதா?"

மீன் மேல் இருக்கிற கரிசனத்தில் கால்வாசி மருமகள் மேல் இருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டார் கடைக்காரர். "குறைக்கலாம். ஒரு திருகு இருக்கு. தண்ணியை விளிம்பு வரைக்கும் நிரப்பி வெச்சீங்கன்னா சத்தமும் இருக்காது."

"நிரப்பாம வெச்சா?"

தொழில் விஷயத்தில் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "மூணு விரல் குறைஞ்சா அருவிதான்."

அந்தம்மா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, கடையிலிருந்த காட்சித் தொட்டியில் தானே குவளையால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினார். கடைக்காரர் வேண்டா வெறுப்பாக ஃபில்டரை மாட்டி ஓடவிட்டார். சலசலவென்று கொட்ட ஆரம்பித்தது.

"கொஞ்சம் அந்தத் தடுப்புக்குப் பின்னாடி போய் ஏதாவது பேசுங்களேன். சும்மா, வீட்டுல பேசுற மாதிரி."

கடைக்கும் சரக்கு அறைக்கும் நடுவில் இருந்ததும் பலகைத் தடுப்புதான். அவர் உள்ளே போய், என்ன பேசுவதென்று தெரியாமல், மீன் தீவனங்களின் பெயரை வரிசையாக ஒப்பித்தார். சலசலப்பு அங்கேயும் விடாமல் வந்தது. இதைக் கேட்டுக்கொண்டே ஒரு பெண் எப்படித் தலை சாய்ப்பாள் என்று நினைத்ததும் பாதிப் பெயர்கள் மறந்துபோயின.

வெளியே வந்தால் அந்தம்மாவின் முகமெல்லாம் மலர்ச்சி. "நீங்க பேசினது ஒரு வார்த்தைகூடப் புரியல. இதையே கட்டிக் கொடுத்துடுங்க."

அவர் கட்டவில்லை. "தப்பா நினைக்காதீங்கம்மா. இதை அங்க கொண்டுபோய் வெச்சா அந்தப் பிள்ளைங்க தனிக்குடித்தனம் போயிடும்."

"இப்பவே வீடு தேடிக்கிட்டுதான் இருக்காங்க. அதான் அவசரமா வந்தேன்."

என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்தார் கடைக்காரர். பிள்ளைகளை வீட்டை விட்டுத் துரத்த நாள் குறித்துவிட்டு, அதற்கு இந்தக் கடைச் சரக்கையே துணைக்குக் கூப்பிடுகிறார் இந்தம்மா. கடைக்காரர் பட்டென்று பிளக்கைப் பிடுங்கினார். கடை அமைதியானது.

"உங்களுக்கு இதை நான் விக்கிறதா இல்லம்மா. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. அவளும் ஒரு மாமியார் வீட்டுலதான் இருக்கா. அந்தப் பொண்ணு அப்படி என்ன பண்ணுச்சு உங்களை?"

அந்தம்மா முதலில் திருதிருவென்று விழித்தார். பிறகு விஷயம் புரிந்ததும், கோபப்படாமல், முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவ தங்கமான பொண்ணுங்க. ஆனா ஒரு மாசமா ரெண்டும் அந்த ரூமுக்குள்ள திருடங்க மாதிரி கிசுகிசுன்னே பேசிக்குதுங்க."

பிடுங்கிய பிளக்கை எடுத்துக் கடைக்காரர் கையில் கொடுத்தார் அந்தம்மா.

"இந்தப் பக்கம் எங்களுக்கு எதுவும் கேக்காதுன்னு தெரிஞ்சாத்தானே, அவ வாய்விட்டுச் சிரிப்பா?"